வாஷிங்டன்: ஒரு குடும்பப்பெயரின் நிறம்



ஐயா நினைவுச் சொற்பொழிவுக்கு இந்த ஆண்டு என்ன தலைப்பு என்று கேட்டவர்களிடம், ஒரு பெயரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னோம். யார் பெயர் என்றார்கள். வாஷிங்டன் என்றதும் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். நம்மூர்ப் பெயர்களே பேசி முடியாமல் கிடக்கும்போது அமெரிக்காவுக்கு எதற்குப் போக வேண்டும் என்ற சிரிப்பு அது. நியாயமான சிரிப்புதான். ஆனால் இந்தத் தலைப்பை நாங்கள் தேடிப் போகவில்லை, அது ஒரு கேள்வியாக எங்களிடம் வந்தது.

நமது வாசிப்பு வட்டத்தில் ஸ்பைக் லீ இயக்கி 1992இல் வெளிவந்த 'மால்கம் எக்ஸ்' படத்தைத் திரையிட்டோம். படம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரி மாணவி ஒருவர் எழுந்தார். "வெள்ளைக்காரன் கொடுத்த பெயர் வேண்டாமென்று 'லிட்டில்' என்பதை வெட்டிப் போட்டுவிட்டு 'எக்ஸ்' என்று வைத்துக்கொண்டவர் மால்கம். அவராக நடித்தவர் பெயர் டென்சல் வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர்தானே? அந்தப் பெயரை இவர்கள் இன்னும் ஏன் சுமக்கிறார்கள்?" என்று கேட்டார். எஜமான் பெயர் அடிமைக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்று எங்களில் ஒருவர் பதில் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினோம். பிறகு உட்கார்ந்து படித்தபோது அந்தப் பதில் பாதிகூடத் தேறாது என்று தெரிந்தது. அந்த மாணவிக்கு நாங்கள் வைத்த பாக்கிதான் இன்றைய பேச்சு.

முதலில் கணக்கு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, நூறு பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் குடும்பப்பெயர்களை எல்லாம் அரசே பட்டியலிட்டது. ஒவ்வொரு பெயரிலும் எத்தனை பேர், அவர்களில் எத்தனை விழுக்காட்டினர் தம்மைக் கறுப்பர் என்று பதிந்தார்கள், எத்தனை விழுக்காட்டினர் வெள்ளையர் என்று பதிந்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. வாஷிங்டன் என்ற குடும்பப்பெயரில் 1,63,036 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பர். வெள்ளையர் 5 விழுக்காடு அளவில்தான். அந்த நாட்டில் பரவலாக வழங்கும் பெயர்களில் இவ்வளவு உயர்ந்த கறுப்பர் விகிதம் வேறெதற்கும் இல்லை. அடுத்த இடம் ஜெஃபர்சன், 75 விழுக்காடு. அதுவும் அடிமைகளை வைத்திருந்த ஒரு குடியரசுத் தலைவரின் பெயர்தான். அடிமை ஒழிப்போடு சேர்த்துப் பேசப்படும் லிங்கனின் பெயரில் இருந்தவர்கள் 16,070 பேர், அதில் கறுப்பர் 14 விழுக்காடு. 2010 கணக்கெடுப்பில் வாஷிங்டன்கள் 1,77,000 பேருக்குமேல் ஆனார்கள், கறுப்பர் விகிதம் 87க்குச் சற்று மேலே நின்றது.

தொண்ணூறு விழுக்காடு என்று கேட்டதும், கறுப்பர்களில் பெரும்பாலோர் பெயர் வாஷிங்டன் போலிருக்கிறது என்று ஒரு மயக்கம் வரும். எங்களுக்கும் வந்தது. அதே பட்டியலில் ஸ்மித் என்ற பெயரைப் பாருங்கள். 23,76,206 பேர், அதில் கறுப்பர் 22 விழுக்காடு. அதாவது கறுப்பு ஸ்மித்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். கறுப்பு வாஷிங்டன்களோ ஒன்றரை லட்சத்தைத் தொடவில்லை. வில்லியம்ஸ் என்ற பெயரில் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டோர், அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பர், ஏழு லட்சம் பேர் வருகிறார்கள். தலையெண்ணிக்கையில் வாஷிங்டன் பெரிய பெயரே அல்ல. அதன் விகிதம் உயர்ந்து நிற்பதற்குக் காரணம், அந்தப் பெயரில் வெள்ளையர் மிகக் குறைவு என்பதுதான். நாடு முழுவதும் எட்டாயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். விழுக்காட்டைப் பார்க்கும்போது மேலே உள்ள எண்ணோடு கீழே உள்ள எண்ணையும் பார்க்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டும் நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. வெள்ளை வாஷிங்டன்கள் ஏன் இவ்வளவு குறைவு? கறுப்பு வாஷிங்டன்கள் எங்கிருந்து வந்தார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார், ஊர்தோறும் அந்தப் பெயர் தனித்தனியாக முளைத்தது. வாஷிங்டன் அப்படியல்ல, அது ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹாம் பகுதியில் இருக்கும் ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு நிலப்பிரபு அந்த ஊரின் நிலத்தைப் பெற்றுக் குடியேறி, அன்றைய வழக்கப்படி 'டி வெசிங்டன்' என்று ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். நிலம் இருந்தவருக்கு ஊரே குடும்பப்பெயர் ஆனது. பல தலைமுறை கழித்து, 1650களில், அந்த வழியில் வந்த ஜான் வாஷிங்டன் என்பவர் வர்ஜீனியாவில் கரையேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1732இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன். அவருக்கோ பிள்ளைகள் இல்லை. அண்ணன் தம்பி வழிகளில் மட்டுமே அந்தக் குடும்பத்தின் பெயர் நீண்டது. ஒற்றை வேரிலிருந்து கிளைத்த பெயர் என்பதால் வெள்ளையர் மத்தியில் அது மெலிந்தே இருந்தது.

(ஊரிலிருந்து குடும்பப்பெயர் வருவது மேற்கு இந்தியாவிலும் உண்டு. பாபாசாகேபின் குடும்பம் சக்பால். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது தந்தை தம் ஊரான அம்பாடவேயை வைத்து அம்பாடவேகர் என்று பதிந்தார், அது பிறகு அம்பேத்கர் ஆனது. நிலமே இல்லாதவரும் ஊரைத் தன் பெயராக்கிக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.)

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. தந்தை இறந்தபோது ஜார்ஜ் வாஷிங்டனுக்கு வயது பதினொன்று. அந்த வயதிலேயே பத்து அடிமைகள் அவருக்குப் பங்காக வந்தார்கள். 1799இல் அவர் இறந்த ஆண்டில், மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைப்பட்டிருந்தவர்கள் 317 பேர். இவர்களில் 123 பேர் அவருடைய சொந்த உடைமை, 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து, மற்றவர்களில் பெரும்பாலோர் வேறு எஜமானர்களிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். மனிதரை வாடகைக்கு எடுப்பது என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது, ஆனால் கணக்கேட்டில் அப்படித்தான் இருக்கிறது. தன் உடைமையான 123 பேரை, மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலை செய்யும்படி அவர் உயில் எழுதினார். மார்த்தா காத்திருக்காமல் 1801 ஜனவரி முதல் நாளே அவர்களை விடுவித்தார். மார்த்தா பக்கத்து அடிமைகளுக்கு அந்த உயில் பொருந்தவில்லை. அவர்கள் மார்த்தாவின் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். இரண்டு கூட்டத்துக்குள்ளும் கல்யாணங்கள் நடந்திருந்தன. ஆகவே கணவன் விடுதலையானான், மனைவியும் பிள்ளைகளும் அடிமையாகவே இன்னொருவர் வீட்டுக்குப் போனார்கள். வாஷிங்டனின் பெருந்தன்மை பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்லும்போது இந்த இரண்டாம் பாதியும் சொல்லப்பட வேண்டும்.

இந்த 317 பேரிலிருந்தா ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள்? அங்கே இருந்தவர்களின் பெயர்களைப் பார்த்தாலே அந்த எண்ணம் தளர்ந்துவிடும். மவுண்ட் வெர்னன் ஆவணங்களில் குடும்பப்பெயரோடு தெரியவருபவர்கள் லீ, கிரே, ஜட்ஜ் என்றெல்லாம் இருக்கிறார்கள். 1796இல் ஃபிலடெல்ஃபியாவில் குடியரசுத் தலைவரின் வீட்டிலிருந்தே தப்பியோடிய ஓனா ஜட்ஜ் தன் தகப்பனின் பெயரைத்தான் வைத்திருந்தார். அந்தத் தகப்பன் அங்கே வேலை பார்த்த ஒரு வெள்ளைத் தையல்காரர்.

இவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வில்லியம் லீ. 1768இல் லீ குடும்பத்து விதவை ஒருவரின் சொத்து விற்பனையில் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை விலைக்கு வாங்கினார். புரட்சிப் போர் முழுவதும் எஜமானின் கூடவே குதிரையில் இருந்தவர். உயில் மூலம் உடனடி விடுதலையும் ஆண்டுதோறும் முப்பது டாலர் உதவித்தொகையும் பெற்ற ஒரே ஆள் அவர்தான். உயிலில் அவரைக் குறிப்பிடும் இடத்தில், தன்னை வில்லியம் லீ என்று அழைத்துக்கொள்பவர் என்று எழுதியிருக்கிறது. இந்தத் தொடரைக் கவனியுங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் கூடவே வைத்திருந்தும், அந்தக் குடும்பப்பெயரை எஜமான் கொடுக்கவில்லை. அவரே தன்னை அப்படி அழைத்துக்கொள்கிறார் என்று எஜமான் கடைசியில் எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். எஜமான் பெயர்தான் வேண்டுமென்றால் அவர் வில்லியம் வாஷிங்டன் ஆகியிருக்கலாம், தலைவரின் பெயர், எவ்வளவு மதிப்பு! அவரோ முதலில் இருந்த இடத்தின் பெயரை வைத்துக்கொண்டார். கூடவே விற்கப்பட்ட அவருடைய சகோதரர் ஃபிராங்க்கும் லீ என்றே அறியப்பட்டார். இரண்டு சகோதரர்களை ஒரு குடும்பமாகக் கட்டி வைத்திருந்த கயிறு அந்த ஓரெழுத்துப் பெயர்.

இது ஒருவருடைய விநோதம் அல்ல. வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் கறுப்பர் குடும்பங்கள் பற்றி 1976இல் வெளியிட்ட பெரிய நூலில் இதைப் பண்ணை பண்ணையாகத் தேடிக் காட்டினார். அடிமைகளுக்கு எஜமானின் ஏட்டில் ஒற்றைப் பெயர்தான். சீசர் என்றும் பாம்ப்பி என்றும் கேலியாக வைத்த பெயர்களும் அதில் உண்டு. ஆனால் அடிமைகள் தங்களுக்குள் குடும்பப்பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பட்டம் என்ற பொருளில் 'டைட்டில்' என்றும் 'என்டைட்டில்' என்றும் சொல்லிக்கொண்டார்கள். எஜமான் காதில் விழாமல் வழங்கிய பெயர் அது. பெரும்பாலும் கடைசி எஜமானின் பெயர் அல்ல. அப்பனோ பாட்டனோ முதலில் இருந்த பண்ணையின் பெயர். ஏன்? மனிதர்கள் விற்கப்பட்டுக் கைமாறிக்கொண்டே இருந்தார்கள். புதிய எஜமானின் பெயரை ஒவ்வொரு முறையும் எடுத்தால் அண்ணன் ஒரு பெயரிலும் தங்கை ஒரு பெயரிலும் போய்விடுவார்கள். முதல் பெயரைப் பிடித்துக்கொண்டால், எங்கே விற்கப்பட்டாலும் இவள் இன்னார் வீட்டுப் பெண் என்று அடையாளம் கண்டுவிடலாம். எழுத்தில் அது எஜமானின் பெயர். அதைச் சொன்ன வாய்க்கு அது பாட்டனின் பெயர்.

மவுண்ட் வெர்னனிலிருந்து வாஷிங்டன் என்ற பெயரோடு வெளியேறிய ஒருவரை ஆவணத்தில் காண்கிறோம். அவர் ஹாரி வாஷிங்டன். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றுப் பகுதியில் பிறந்தவர் என்று கருதப்படுகிறார். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை வாங்கிச் சதுப்பு நிலத்தை வடிக்கும் வேலையில் போட்டார். ஒருமுறை ஓடிப் பிடிபட்டார். கிளர்ச்சிக்கார எஜமானர்களின் அடிமைகள் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் 1775இல் அறிவித்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஹாரி மறுபடி ஓடினார், இம்முறை பிடிபடவில்லை. அமெரிக்கா விடுதலைக்குப் போராடியபோது, அந்த விடுதலைப் படையின் தளபதியிடமிருந்து இவர் விடுதலையானார். 1783இல் ஆங்கிலேயர் நியூயார்க்கைக் காலி செய்தபோது, கப்பலேறிய சுமார் மூவாயிரம் கறுப்பர்களின் பெயர்களை ஒரு பேரேட்டில் எழுதினார்கள். அதில் நாற்பத்து மூன்று வயது ஹாரி வாஷிங்டன் இருக்கிறார், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை என்ற குறிப்போடு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குளிரிலும் வறுமையிலும் சில ஆண்டுகள். பிறகு 1792இல் சுமார் ஆயிரத்து இருநூறு பேரோடு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார். அங்கே குடியேற்றத்தை நடத்திய ஆங்கிலேய நிறுவனம் நிலத்துக்கு வரி கேட்டது. வரி கொடுக்க மாட்டோம், எங்கள் ஆட்சியை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று 1800இல் கலகம் வெடித்தது. கலகக்காரர்களில் ஹாரியும் ஒருவர். பிடிபட்டு ஃப்ரீடவுனிலிருந்து நாடு கடத்தப்பட்டார். ஆங்கிலேயரின் வரியை எதிர்த்து ஜெயித்த வாஷிங்டனுக்கு ஒரு நகரமும் ஒரு மாநிலமும் பெயராக நிற்கின்றன. எதிர்த்துத் தோற்ற வாஷிங்டனின் பெயர் ஒரு பேரேட்டில் ஒரு வரியாக இருக்கிறது.

ஆனாலும் ஹாரி ஒருவர்தான். லட்சக்கணக்கில் இந்தப் பெயர் எழுத்துக்கு வந்தது 1865க்குப் பிறகு. 1860 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் அடிமைகள் 39 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கெடுப்பிலும் அதற்கு முந்தைய 1850 கணக்கெடுப்பிலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். எஜமானின் பெயர், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அடிமையின் பெயரை எழுதப் பத்தியே கிடையாது. கறுப்பர் அனைவரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. இன்று தங்கள் வேரைத் தேடும் கறுப்பர் குடும்பங்கள் 1870இல் ஒரு சுவரில் முட்டி நின்றுவிடுகின்றன. அதற்குப் பின்னால் போக வேண்டுமானால் எஜமானின் பெயர் தெரிய வேண்டும். விடுதலையான மக்கள் பணம் சேமிக்க 1865இல் தொடங்கப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் வங்கி கணக்குத் தொடங்க வந்தவர்களிடம் அப்பா அம்மா பெயர், உடன்பிறந்தோர் பெயர், முன்பு இருந்த பண்ணை என்று பல விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டது. 1874இல் வங்கி திவாலாகி ஏழைகளின் சேமிப்பை விழுங்கிவிட்டது. ஆனால் அந்தப் படிவங்கள் தப்பிவிட்டன. பணம் போன இடத்தில் பெயர்கள் மிஞ்சின.

பெயர் அன்று வெறும் மரியாதை விஷயம் அல்ல. விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயையும் பிள்ளையையும் தேடிக் கறுப்பர் பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்கில் விளம்பரங்கள் வந்தன. இன்ன பண்ணையில் இருந்தேன், இன்னாருக்கு விற்றார்கள், தகவல் தெரிந்தோர் எழுதவும் என்று. பழைய பண்ணையின் பெயரை விடாமல் வைத்திருந்தால், தேடி வருகிறவருக்கு அது முகவரி.

இனி வாஷிங்டனுக்கு வருவோம். அந்தப் பெயர் கறுப்பர் குடும்பங்களுக்குள் ஒரு வழியாக அல்ல, பல வழிகளில் நுழைந்தது. ஜார்ஜ் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். மவுண்ட் வெர்னனுக்கு வாரிசாக வந்த தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன் உச்ச நீதிமன்ற நீதிபதி. அவர் 1821இல் ஐம்பத்து நான்கு பேரை லூசியானாவுக்கு விற்றார். இப்படிப் போனவர்களில் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. இது ஒரு வழி. எந்த வாஷிங்டனையும் கண்ணால் பாராதவர்கள், நாட்டை நிறுவியவரின் பெயர் என்று எடுத்துக்கொண்டது இன்னொரு வழி. இதை அடிமை மனம் என்று சொல்லிவிடுவது சுலபம், நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். 1865இல் நின்று பாருங்கள். நேற்றுவரை சந்தையில் விற்கப்பட்ட ஒருவர், இந்த நாட்டை நிறுவியவரின் பெயரை நானும் வைப்பேன், யார் தடுப்பது என்று பதிவேட்டில் சொல்கிறார். பக்கத்துப் பண்ணை எஜமானின் பெயர் வேண்டாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது வழி நமக்கு மிகவும் பழக்கமானது. அதற்கு புக்கர் என்ற ஒரு பையனின் கதையைச் சொல்ல வேண்டும். 1856இல் வர்ஜீனியாவில் பர்ரோஸ் என்பவரின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவன். 1861இல் பர்ரோஸ் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் அந்தச் சிறுவனின் விலை 400 டாலர் என்று எழுதியிருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு தாய் தன் பிள்ளைகளோடு மேற்கு வர்ஜீனியாவில் உப்புக் காய்ச்சும் ஊரில் வேலை செய்த கணவரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் புக்கருக்கு மாற்றாந்தந்தை. பள்ளியில் முதல்முறை வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்று பெயர் இருப்பதைக் கவனித்ததாக அவர் தன் சுயசரிதையில் சொல்கிறார். தனக்கு ஒன்றுதான். ஆசிரியர் தன்னிடம் வருவதற்குள் யோசித்து, எப்போதும் அதுதான் தன் பெயர் என்பதைப்போல அமைதியாக, புக்கர் வாஷிங்டன் என்று சொல்லிவிட்டார். பிறந்தபோது தாய் டாலியஃபெரோ என்றும் ஒரு பெயர் வைத்திருந்தது பிறகு தெரிந்து அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். 1881இல் டஸ்கிகி கல்விநிலையத்தைத் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன் அவர்தான்.

அந்தச் சிறுவனுக்கு வாஷிங்டன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். அக்காலத்தில் வாஷிங்டன் என்பது முதற்பெயராகவும் வெகுவாக வழங்கியது. 1818ஐ ஒட்டி மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடெரிக் டக்ளசுக்குத் தாய் வைத்த முழுப்பெயரே ஃபிரெடெரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி. வீட்டில் இருந்த ஆணின் முதற்பெயர் பிள்ளைக்குக் குடும்பப்பெயரானது. இது நம்மூர் முதலெழுத்தின் வேலைதான். இங்கே அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அதே பிள்ளை கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள், மேல்படிப்புக்கு அமெரிக்கா போனதும் கருப்பன் என்பதோ மாரிமுத்து என்பதோ குடும்பப்பெயர் ஆகிவிடுகிறது. இங்கே வயலில் நின்ற பாட்டனின் பெயர் அங்கே பல்கலைக்கழகத்தின் வாசல் பலகையில். நமக்கே தெரியாமல் நாமும் புக்கரின் வழியில்தான் பெயர் செய்துகொண்டிருக்கிறோம்.

நன்றிக்காகப் பெயர் எடுப்பதும் உண்டு, அதற்கும் வாஷிங்டனே உதாரணமாகக் கிடைக்கிறார். சென்னைக்காரரான கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயர் அமெரிக்கத் தலைவருடையது அல்ல. வறுமையில் தன் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் கைகொடுத்த ஒரு முன்னாள் ராணுவ வீரரின் பெயரை அவருடைய தந்தை மகனுக்கு வைத்தார். நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவருக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயர். பெயரை யாரிடமிருந்து வாங்குகிறோம் என்பதில் ஒரு வாழ்க்கையின் கடன் கணக்கு இருக்கிறது.

அமெரிக்கக் கதையை நம் கதையோடு இணைத்துப் பார்ப்பது இன்று தொடங்கியதல்ல. 1873இல் 'குலாம்கிரி'யை வெளியிட்ட ஜோதிராவ் பூலே, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தது. ஆனால் ஒப்பிடும்போது வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விடுதலையானவர் தேடியது இரண்டாவது பெயரை, குடிமகன் என்பதற்கு அடையாளமாக. நமக்கு இரண்டாவது பெயர் ஏற்கெனவே இருந்தது, அதை ஊரே சத்தம் போட்டுக் கூப்பிட்டது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டபோது, முதலியாரும் பிள்ளையும் மதிப்பான ஒன்றைக் கழற்றி வைத்தார்கள். அது பெரிய செயல்தான். நம்மவர்களிடம் கழற்றுவதற்கு மதிப்பான வால் எதுவும் இருக்கவில்லை. நம் பிரச்சினை வாலில் அல்ல, கடைசி எழுத்தில் இருந்தது. அவர்கள் வீட்டு முத்துசாமி அங்கே முத்துசாமியாகவே இருந்தார், நம் வீட்டு முத்துசாமி 'முத்தன்' ஆனார். எழுபது வயதுக் கிழவரை ஏழு வயதுப் பையன் 'டேய் முத்தா' என்று கூப்பிட்டான். பண்ணையில் நின்றவர் 'இன்னாருடைய ஆள்'. மிசௌரியில் அடிமைப் பிள்ளையாகப் பிறந்து பின்னாளில் பெரும் வேளாண் விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைச் சிறு வயதில் 'கார்வருடைய ஜார்ஜ்' என்றே சொன்னார்கள். கார்வர் அவருடைய எஜமான். 'கார்வருடைய' என்பது தேய்ந்து 'கார்வர்' ஆகி, முன்னால் இருந்தது பின்னால் போய், உடைமையின் குறி ஒரு மனிதரின் முழுப்பெயர் ஆனது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறோம். மால்கம் தன் பெயரை வெட்டியது தவறா? இல்லை. தெரியாமல் போன ஆப்பிரிக்கப் பெயருக்கு அடையாளம் 'எக்ஸ்'. அழிக்கப்பட்டதை அழிக்கப்பட்டது என்று காட்டிய குறி அது. ஆனால் டென்சலின் பெயரும் சரணாகதி அல்ல. வாஷிங்டன் என்ற பெயரை இன்று உலகம் கேட்கும்போது குதிரைமேல் இருக்கும் வெள்ளைத் தளபதி மட்டும் நினைவுக்கு வருவதில்லை. 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பு மேயரான ஹரால்ட் வாஷிங்டன் வருகிறார், பாடகி டைனா வாஷிங்டன் வருகிறார். ரூத் ஜோன்ஸ் என்ற பெண் மேடைக்காக எடுத்துக்கொண்ட பெயர் அது, அந்த அளவுக்கு அது கறுப்பர் பெயராக ஆகிவிட்டிருந்தது. ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயரை, அந்தக் குடும்பத்தைவிடப் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் நின்று, கறுப்பர் தங்களுடையதாக ஆக்கிவிட்டார்கள். வெட்டி எறிவது ஒரு வழி. எடுத்து நிறைத்துவிடுவது இன்னொரு வழி. எந்த வழி என்பதை அந்தப் பெயரைச் சுமப்பவர் தீர்மானிக்க வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கும் நாம் அல்ல.

ஐயாவுக்கு இரண்டு முதலெழுத்து என்பது உங்களுக்குத் தெரியும். முதல் எழுத்து யாருடையது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். கடைசிக் காலத்தில்தான் எங்களிடம் சொன்னார். அவரைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனது அம்மா. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வாத்தியார் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எந்தப் பண்ணை என்று கேட்டார். அம்மா சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றுதான், தன் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது அல்ல, பண்ணையாருடையது என்று ஐயாவுக்குத் தெரிந்தது. அதைத் திருத்தக் கேட்டுப் போன இடத்தில், படித்த பிறகு பெயர் எதற்கு மாற்றுகிறாய், அந்த எழுத்தால் உனக்கு மதிப்புத்தானே என்றார்களாம். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய பிறகு பணம் கட்டி அரசிதழில் மாற்றினார். ஓர் எழுத்தை எடுத்தால் போதும் என்றார்கள். அவர் இரண்டு எழுத்துக் கேட்டார், முன்னால் அம்மாவின் எழுத்து, அடுத்து அப்பாவின் எழுத்து. அந்த அரசிதழ்ப் பக்கம் மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோய், மேடையில் அவர் படத்துக்குக் கீழே இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். நான்காவது வரி.